பன்னிரண்டாம் கட்டில் சன்னல்

— என் வார்டுல சன்னலைத் திறந்தது யாரு, நர்ஸ் கில்மார்ட்டின்?

— நான்தான், சிஸ்டர்.

— ஜனவரி மாசம்! மான்செஸ்டர் குளிர்ல! நாலாம் கட்டில்காரர் மீசையே விறைச்சுப் போச்சுங்கறார்.

— அவருக்கு ரெண்டு போர்வை கூடுதலாப் போத்திட்டுத்தான்...

— மேட்ரன் காதுக்குப் போயிடுச்சு. தெரியுமா?

— தெரியும்.

— கடைசிப் பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு. இப்ப உன்னை நிறுத்தினா நேரா டப்ளின் கப்பல்தான்.

— அதுவும் தெரியும்.

— எல்லாம் தெரிஞ்ச மகராணி! உங்க அயர்லாந்துலேருந்து வர்ற கப்பல்ல வெண்ணெயும் நர்ஸுங்களும்தான்...

— அந்த ரெண்டும் வரலைன்னா உங்க ஆஸ்பத்திரி ஒரு நாள் ஓடாது, சிஸ்டர்.

— வாய்... வாய்! சரி, கேளு. "பன்னிரண்டாம் கட்டில்ல ஒருத்தர் இறந்துட்டார், நாத்தம் அடிச்சுது, காத்துக்காகத் திறந்தேன்." இப்படி ஒரு வரி எழுதிக் குடு. மேட்ரனை நான் பாத்துக்கறேன்.

— நாத்தம் அடிக்கலையே.

— அடிச்சுதுன்னு எழுது, பொண்ணே!

— மாட்டேன். காலையில ஆறு மணிக்கு கில்பேன் ஐயாவுக்கு உடம்பு துடைச்சு, சவரம் பண்ணிவிட்டதே நான்தான். அவர் நாறினார்னு என் கையால எழுத மாட்டேன்.

— அப்ப எதுக்குத் திறந்தே?

— சிரிப்பீங்க.

— நான் சிரிச்சு நீ பாத்திருக்கியா?

— ... அவர் உயிர் வெளியே போறதுக்கு. எங்க ஊர்ல ஒருத்தர் கண்ணை மூடினதும் சன்னலைத் திறந்துடுவோம். முப்பது வருஷம் இந்த ஊருக்குச் சாக்கடை தோண்டின எங்க நாட்டுக்காரர். பக்கத்துல ஒரு சொந்தம் இல்ல. நான்தான் இருந்தேன். அதையே எழுதித் தரேன். மேட்ரன் அனுப்பினா அனுப்பட்டும்!

— ம்... எங்க நின்னே?

— எங்கன்னா?

— திறந்தப்புறம். எந்தப் பக்கம் நின்னே?

— சன்னல் பக்கம். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு...

— கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவுலயா?

— ஆமா... ஏன்?

— அறிவு கெட்டவளே! வழியை மறிச்சுக்கிட்டு நின்னா மனுஷன் எப்படிப் போவார்? விலகி நிக்கணும்னு உங்க அம்மா சொல்லித்தரலையா?

— சிஸ்டர்... இது உங்களுக்கு எப்படி...? நீங்க லண்டன்காரங்கன்னு நாங்க எல்லாரும்...

— நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. இருபத்தாறு வருஷமா நானும் மறுக்கல. உங்க அயர்லாந்துல மேயோவுல பிறந்தவடி நான், கில்பேன் ஐயா ஊருக்குப் பக்கத்து ஊரு. உன் இஷ்டப்படியே உள்ளதை எழுது, அட்ராக்டா பொண்ணே. கையெழுத்துப் போட்டுட்டுப் பேனாவை இப்படிக் குடு... கீழே நானும் போடறேன்.