ஒரே பள்ளத்தில் விழுந்த இரண்டு ஓரகத்திகள்

மணியடித்து என்னை உட்காரவைக்கக் காத்திருக்கும் அவைத்தலைவர், மருந்துக்கடை ஐயா அவர்களே! நம் தெருக்காரி ஒருத்திக்கு இழப்பீடு கிடைக்கச் சட்டமன்றத்தில் தனி மசோதா கொண்டுவந்திருக்கும் உறுப்பினர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே! வேலை முடிந்த களைப்போடு நேரே இங்கு வந்து நிற்கும் தாய்மார்களே! கையில் பூச்செண்டும் பக்கத்தில் ஊன்றுகோலுமாக மேடை நடுவே வீற்றிருக்கும் விழா நாயகியே, என் கொழுந்தன் மனைவியே, என் ஓரகத்தியே! அனைவருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

இவளை வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாயைத் திறந்தால் பொறாமைதான் வருகிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரே வீட்டில் ஓரகத்தியோடு ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நூலகத்துக்கு எதிரே நகராட்சி மூடியில்லாமல் விட்டிருந்த சாக்கடைப் பள்ளம் உங்களுக்குத் தெரியும். அதில் முதலில் விழுந்தது யார்? நான்! தைத்து முடித்த துணிமூட்டையோடு தலைகுப்புற விழுந்தது யார்? நான்! வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போனது யாருக்கு? எனக்கு! ஏனென்று கேட்க வந்தது யார்? ஒரு ஈ காக்கை இல்லை! கட்டு அவிழ்த்து, கை தேறி, இழப்பீடு கேட்கப் போனேன். கெடு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.

நான் விழுந்த பத்தொன்பதாம் நாள் இவள் விழுந்தாள். கால் போயிற்று. இவளோ தபால்காரி. நூறு வீட்டு வாசலுக்கும் தெரிந்த முகம். ஊரே திரண்டது! மனு எழுந்தது, முழக்கம் எழுந்தது, முச்சந்தியில் முகம் தெரியாதவர்கள் எல்லாம் அழுதார்கள்! வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஆற்றிக் கொடுத்தது எது? மடங்காத இந்தக் கை! "பாவம், உங்க ஓரகத்திக்கு இப்படி ஆயிடுச்சே" என்று என்னிடமே துக்கம் விசாரித்தார்கள். அப்போது நான் நினைத்ததைச் சொல்லட்டுமா? நானும் இன்னும் கொஞ்சம் ஆழமாக விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஆமாம் அம்மா, வாயில் கை வைக்காதீர்கள். நினைத்தேன்.

கொடுமை என்ன தெரியுமா? இவள் நல்லவளாக வேறு இருக்கிறாள்! என் விரலுக்கு ஊசி கோக்க வராது. தினமும் காலையில் என் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து ஊசிக்கு நூல் கோத்துக் குத்தி வைக்கிறாள். போன வாரம் கேட்கிறாள்: "அக்கா, உங்க பேரையும் மசோதால சேர்க்கச் சொன்னேன். ஒரு ஆளுக்குத்தான் போட முடியுமாம். எனக்கும் வேணாம்னு சொல்லிடட்டுமா?" நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டேன் என்கிறாளே!

அன்பர்களே! இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்கள் கை தட்ட வேண்டாம்.

நீதிமன்றத்தில் நகராட்சி என்ன சொன்னது? "மூடி இல்லாதது எங்களுக்குத் தெரியாது, யாரும் புகார் தரவில்லை" என்றது. வழக்கு தள்ளுபடி. அதனால்தான் சட்டமன்றத்தின் வாசலுக்குப் போனோம். அங்கேயும் மசோதாவை ஆராயும் குழு அதே கேள்வியைக் கேட்கிறது: முன்பே யாராவது சொன்னதற்கு ஆதாரம் உண்டா? நாளைக்குள் காட்டாவிட்டால் மசோதா மூலைக்குப் போய்விடும்.

ஆதாரம் உண்டு! விழுந்த மறுநாளே கட்டுப்போட்ட கையோடு நகராட்சிக்குப் போய், "பள்ளத்தை மூடுங்கள், இன்னொருவர் விழுவதற்குள் மூடுங்கள்" என்று மனு கொடுத்தவள் நான். முத்திரை குத்தி, தேதி போட்டுத் தந்த ஒப்புகைச் சீட்டு, இதோ! எட்டு மாதம் இதை என் இயந்திரத்து இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அதே வீட்டில் இவள் ஊன்றுகோல் சத்தம் கேட்டுக்கொண்டே வைத்திருந்தேன்.

உறுப்பினர் அவர்களே, பிடியுங்கள். நாளை குழுவின் மேசையில் போடுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நகராட்சி விட்ட பள்ளத்தில் விழுந்தவர்களுக்கெல்லாம் ஊர்வலம் கிடைக்குமா? விழுந்து, வலித்து, வாய்மூடி வீட்டுக்குப் போனவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள்! அதோ ஒன்று. அதோ சுவரோரம் இரண்டு. அம்மா, நீங்களுமா? பாருங்கள் ஐயா, எண்ணிப் பாருங்கள்! ஒருத்திக்கு மட்டும் கிடைத்தால் அது சலுகை! விழுந்தவர் எல்லோருக்கும் கிடைத்தால்தான் அது சட்டம்! இவள் மசோதா முதலில் நிறைவேறட்டும். அடுத்த கூட்டத்தொடரில் எங்கள் எல்லோருக்குமான மசோதாவோடு வாருங்கள்! பக்கத்து வீட்டுக்காரியின் இழப்பீட்டைப் பார்த்து வயிறெரியும் நிலைமை இனி ஒருத்திக்கும் வேண்டாம்!

மணி அடித்துவிட்டார் ஐயா. முடித்துவிடுகிறேன்.

என்னடி, ஏன் என் சேலையைப் பிடித்து இழுக்கிறாய்? திட்டுவதானால் வீட்டுக்குப் போய்த் திட்டு. என்ன? சத்தமாகச் சொல்லு.

அன்பர்களே, இவள் சொல்வதை அப்படியே சொல்கிறேன். "எனக்கு எப்பவோ தெரியும்க்கா. பொத்தான் எடுக்கும்போது பார்த்தேன். நான் தபால்காரி. அடுத்தவங்க காகிதத்தை எடுக்க மாட்டேன். நீங்களா குடுப்பீங்கன்னு இருந்தேன்."

பார்த்தீர்களா! இதிலும் என்னைவிடப் பெரியவளாகிவிட்டாள்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அடங்காத பொறாமையோடு இவளையும், உங்களையும் வணங்கி விடைபெறுகிறேன்.