ஏழாவது கட்டுரையின் கடைசிப் பத்தி

– கயிறு கூடப் பிரிக்கல சார்! லேப் வாசல்ல கட்டுக் கட்டா கிடக்கு உங்க செய்திமடல். ஒருத்தர் அது மேல கால் வச்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தார். கருமம்!

– உக்காருங்க எழுத்தாளரம்மா. உக்காந்து திட்டுங்க. நின்னுக்கிட்டுத் திட்டினா எனக்குப் படபடங்குது.

– நான் உக்கார வரல. மூணு மணிக்கு விசாரணை. பெரிய டாக்டர், மருந்தகம், எங்க மேனேஜர், எல்லாரும் இருப்பாங்க. என் ஏழாவது கட்டுரை வந்த இதழ்ல ஒரு பிரதி வேணும்.

– நாலாவது வார்டு அம்மா விஷயமா?

– அதேதான். ஆகாத ஊசியைப் போட்டு, மூச்சுத் திணறி, ஐசியூல கிடக்கறாங்க.

– நர்ஸ் பார்க்காம போட்டுட்டாங்கன்னு பேசிக்கறாங்களே.

– நர்ஸ் பார்த்தாங்க சார். திரையில ஒண்ணுமே இல்ல. எங்க கம்ப்யூட்டர் பிரிவோட தரவுக் கிடங்குதான் முழுங்கிடுச்சு.

– பாருங்க, எனக்கு இந்தக் கிடங்கு, கிட்டங்கி எல்லாம்…

– ஏழு கட்டுரை வாங்கிப் போட்டீங்களே! ஏழு! சரி, கேளுங்க. நம்ம மூணு கிளையிலயும் பதியற விவரம், லேப், மருந்தகம், அத்தனையும் ஒரே இடத்துல வந்து கொட்டும். அதான் கிடங்கு. ஒரே ஆள் மூணு தடவை பதிஞ்சிருந்தா, மூணையும் சேர்த்து ஒண்ணாக்கும். பேரும் பிறந்த தேதியும் பொருந்தினா அதுக்குப் போதும். அதனால வேற வேற ஆளுங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒட்டிடுது. ஒட்டினப்புறம் புதுப் பதிவுதான் நிக்கும். பழசுல ‘இந்த மருந்து ஆகாது’ன்னு இருந்தா, அது போயே போச்சு.

– அடப்பாவமே.

– மூணு மாசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சேன். மேனேஜர்கிட்ட ஓடினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல அந்த மனுஷன். ‘சரி பண்ண ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க கட்டுரையில எழுதிடுங்க’ன்னார்.

– தப்பில்லையே. மடல்ல வந்துட்டா எல்லாத் துறைக்கும் அறிவிச்ச மாதிரிதான். அப்புறம் எனக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. இங்க அதுதானே வழக்கம்.

– அதை நம்பித்தான் எழுதினேன். கடைசிப் பத்தியில. ‘திரையை மட்டும் நம்பாதீர்கள், நோயாளியின் பழைய சீட்டையும் பாருங்கள்.’ இதைவிடத் தெளிவா எப்படி சார் எழுதறது? ஒரு ஜீவன் கேட்டுச்சா? ஒரு போன்? போன மாசம் அதே கட்டுரைக்குக் கேடயம் வேற! ‘எளிய நடை’ன்னு டைரக்டர் மைக்குல பாராட்டினார். படிச்சிருந்தா மைக்கைப் போட்டுட்டு வார்டுக்கு ஓடியிருக்கணும். அந்தக் கேடயத்தைப் பார்த்தாலே குமட்டுது.

– அம்மா… நீங்க அந்த இதழைப் பார்த்தீங்களா?

– நான் எதுக்குப் பார்க்கணும்? நான் எழுதினது எனக்குத் தெரியாதா? என் முதல் கட்டுரைக்கு ‘தகவல் என்னும் தங்கச் சுரங்கம்’னு தலைப்பு மாத்தினீங்களே, அன்னையிலேருந்து அச்சுல வந்ததைத் தொடறதே இல்ல. அருவருப்பா இருக்கும்.

– இல்ல, சும்மா கேட்டேன். பிரதி இருக்கான்னு தேடணும்.

– உங்க பின்னாடி அலமாரியில மாச வாரியா அடுக்கி வச்சிருக்கீங்க. காதுல பூ சுத்தாதீங்க.

– பாருங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மாசம்தான் புது ஸ்கேன் கூடம் திறந்தாங்க. படத்துல டைரக்டரோட மாமனார் ஓரமா நின்னார். அச்சுக்குப் போற நேரத்துல போன் வருது, ‘மாமா முகம் முழுசா வரணும், படத்தைப் பெருசா போடுங்க’ன்னு.

– அதுக்கு நான் என்ன பண்ணணும்?

– படம் உங்க பக்கத்துல, கீழ. நாலு விரக்கடை இடம் தேவைப்பட்டுது.

– கொண்டாங்க அதை.

– கோவிச்சுக்காதீங்கம்மா…

– விடுங்க சார் கையை! அஞ்சாம் பக்கம்… ‘தகவலே நிர்வாகத்தின் உயிர்நாடி.’ இதோட நிக்குது. கீழ ரிப்பன் வெட்டறாங்க, பல்லைக் காட்டிக்கிட்டு. என் பத்தி எங்க சார்?

– இடம் பத்தலம்மா.

– படிக்காமயே வெட்டிட்டீங்க. கடைசிப் பத்திதானே, முடிவுரையா இருக்கும்னு.

– படிச்சேன்.

– என்னது?

– ரெண்டு தடவை படிச்சேன். புரிஞ்சுது. நீங்க எல்லா வார்டுக்கும் தனியா ஒரு கடிதம் அனுப்பியிருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தை மடலை நம்பி யாராவது விடுவாங்களா?

– அனுப்பல. எழுதிட்டேன், என் கடமை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். மூணு மாசமா வார்டுல நர்ஸுங்க சிரிச்சுப் பேசினாக்கூட, படிக்காத ஜென்மங்கன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன். சீ! என்னை நினைச்சாலே வாந்தி வருது.

– இப்போ கதவைச் சாத்திட்டுப் பேசுவோம். விசாரணையில மடலைப் பத்தியே பேச வேண்டாம். என்ன?

– சாத்தாதீங்க. அந்தம்மாவோட பொண்ணு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு. நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்.

– எதுக்கு இங்க?

– மேடம்… உள்ள வரலாமா? அந்தப் புத்தகம் கிடைச்சுதா? எங்கம்மாவுக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சே யார் யார் சும்மா இருந்தாங்கன்னு காட்டறேன்னீங்களே.