உயிரோடு இருப்பதற்கு ஒரு கடிதம்

சிமெந்துத் தரையில் பகடை உருட்டக்கூடாது. துள்ளி அலுமாரிக்கு அடியில் போய்விடும். நாங்கள் சுளகில் துவாய் விரித்து அதில்தான் உருட்டினோம். சிவரூபி அக்கா, கிளிநொச்சிக்கு வரும்போது அந்தச் சுளகைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காட்டுகிறேன். நீங்கள் பார்க்கக் கேட்ட மற்ற இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஒழுங்கு பிசகிவிடும்.

சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. ஞாயிறு பின்னேரங்களில் கதவைப் பாதி சாத்திவிட்டு மூன்று பேர் விளையாடுவோம். நான் கதையை நடத்துவேன். றிஃபாத்தும் யதுர்ஷிகாவும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். தப்புவதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். றிஃபாத் முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். யதுர்ஷிகா வீட்டில் வகுப்பென்று சொல்லிவிட்டுத் துணுக்காயிலிருந்து பஸ்ஸில் வருவாள். நீங்கள் கனடாவிலிருந்து தமிழில் உருவாக்கிய 'ஆழிவட்டம்' விளையாட்டின் உலகத்தில் அவள் வாழ்ந்தாள் என்றே சொல்லலாம்.

உங்கள் வரைபடத்தின் வடகிழக்கு மூலை வெறுமையாக இருந்தது. அதற்கு ஒரு நாட்டை ரசிகர்களே எழுதலாம், கூடிய வாக்குப் பெறுவது விளையாட்டின் புத்தகத்தில் சேரும் என்று அறிவித்தீர்கள். யதுர்ஷிகா பதினொரு கிழமைகளில் மூன்று கொப்பிகளை நிரப்பினாள். அந்த நாட்டுக்கு அரசன் இல்லை. குளத்துக்கு ஒரு காவலாள். துருசைத் திறந்து தண்ணீர் விடும் அந்த ஆள், வயலும் மாடும் வழிப்போக்கனும் குடித்த பிறகுதான் தான் குடிக்கலாம். றிஃபாத் வாசித்துவிட்டு, "அண்ணை, இது கற்பனை மாதிரியே இல்லை. போய் இருந்திட்டு வந்து எழுதின மாதிரிக் கிடக்கு" என்றான்.

'நீர்க்காவல் நாடு' என்று பெயர் வைத்தது நான். படம் கீறியது, எழுத்துப்பிழை திருத்தியது, ரசிகர் பக்கத்தில் நாள் தவறாமல் போட்டது எல்லாம் நான். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு நாடு ஒரு வரைபடத்தில் ஏறவேண்டும் என்று விரும்பினேன். அது கெட்ட ஆசை என்று இப்போதும் நினைக்கவில்லை.

வாக்கெடுப்பு முடிய ஐந்து நாள் இருக்கையில் நாங்கள் மூன்றாம் இடத்தில் நின்றோம். யதுர்ஷிகா டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரசிகர் பக்கத்தில் பலர் அவளிடம் கேள்வி கேட்டிருந்தார்கள். நான் பதில் எழுதினேன்: "யதுர்ஷிகா இனி எழுத மாட்டாள். அவளுடைய நாட்டை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்."

'இனி' என்ற சொல்லை மூன்று தரம் அழித்து மூன்று தரம் போட்டேன். லண்டனிலிருந்து ஒருவர் மெழுகுதிரிப் படம் போட்டார். அதன் கீழே நான் 'நன்றி' என்று எழுதினேன். என் குற்றம் தொடங்கியது அந்த நன்றியில்தான். அதற்கு முன்பு திருத்தியிருக்கலாம்.

பின்னேரத்துக்குள் நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகள். றிஃபாத் பதறிப்போய் அழைத்தான்.

"அண்ணை, அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, சுகமா இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமையில இஞ்ச வாறது வீட்டில தெரியவந்திட்டுது. இனி எழுதமாட்டா எண்டு வீட்டில நம்பவேணுமெண்டு அவாதான் இப்பிடிப் போடச் சொன்னவா. நீ அவாவோட இதைப் பற்றிக் கதைச்சுப்போடாதை, வெக்கப்படுவா."

றிஃபாத் நல்ல பெடியன். நம்பினான். அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

நாங்கள் வென்றோம். நான் அந்தப் பதிலைப் போட்ட ஒன்பதாம் நாள் யதுர்ஷிகா கடைக்கு வந்தாள். மெலிந்து, தலைமயிர் கொட்டியிருந்தது. கதிரையில் இருக்கும் முன்பே கேட்டாள்.

"என்ன அண்ணா, நாங்கள் எத்தினையாவது?"

தோற்றுவிட்டோம் என்றேன். ரசிகர் பக்கத்தில் சிலர் மோசமாக எழுதியிருக்கிறார்கள், நீ பார்க்காமல் இருப்பது நல்லது என்றேன். அவள் தன் ஃபோனை என்னிடமே தந்தாள். நான் அவளுடைய கணக்கை அழித்தேன்.

"என்ன சொன்னவை? சொல்லுங்கோ, நான் அழமாட்டன்."

அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆனாலும் நன்றாகவே சொன்னேன். அவளுடைய எழுத்தை முதலில் வாசிப்பவன் நான். எந்த இடத்தில் அவளுக்கே ஐமிச்சம் என்று தெரியும். உன் தமிழ் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறதாம் என்றேன். குளங்களுக்கு உயிர் இருக்கிறது, ஆட்களுக்குத்தான் இல்லையாம் என்றேன்.

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் பட்டது."

சொன்னபடியே அவள் அழவில்லை. பிறகு எழுதவும் இல்லை. மூன்று கொப்பிகளையும் அடுப்புக்குள் வைத்ததாகப் பிறகொரு நாள் சொன்னாள். என்னிடம் பிரதி இருந்தது. அதைச் சொல்லாமல் தலையை ஆட்டினேன். அவள் ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் அவளுடைய படமும் 'நினைவாக' என்ற சொல்லும். நீங்கள் அனுப்பிய ஐந்து பிரதிகளையும் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

எட்டு மாதம் கழித்து, கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தியின் ஃபோனில் அவள் அந்த ரசிகர் பக்கத்தைக் கண்டாள். உடனே உங்களுக்கு எழுதினாள், நான்தான் யதுர்ஷிகா, உயிரோடு இருக்கிறேன் என்று. அதை நீங்கள் எனக்கு அனுப்பி, "தம்பி, ஆரோ விசர் வேலை பாக்கினம் போல, விசாரிச்சுச் சொல்லும்" என்றீர்கள். நான்கு நிமிடத்தில் பதில் போட்டேன். அது போலி, தாயார் அறிந்தால் தாங்கமாட்டா, அந்தக் கணக்கை மறித்துவிடுங்கள். நீங்கள் மறித்தீர்கள். செத்த பிள்ளையின் பெயரில் விளையாடும் ஈனர்கள் என்று பக்கத்திலும் எழுதினீர்கள். அந்தப் பிள்ளையின் ஃபோனில் அதை அவள் வாசித்தாள், அக்கா. உங்கள் கோபத்தில் பிழை இல்லை.

அன்று வேலை முடிந்து நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நான் செத்துப்போனனாம். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோவன் அவைக்கு."

"எனக்கும் இப்பதான் தெரியும். பிறகு யோசிச்சு உன்ர நாட்டைப் புத்தகத்தில எடுத்திருப்பினம். நான் எழுதுறன்" என்றேன். அந்த லாச்சியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, "பதில் வந்ததோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போன மாதம் அடையாள அட்டையோடு கிராம அலுவலரின் கடிதமும் கொண்டுவந்தாள். மேற்படி நபர் எனது பிரிவில் உயிருடன் வசித்து வருகிறார் என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது.

"'காணாமல்போய் வராத ஆக்களுக்குத்தான் பிள்ளை இஞ்ச கடிதம் கேட்டு வாறவை, இருக்கிறதுக்குமோ?' எண்டு அவர் சிரிச்சவர்" என்றாள். அவளும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னாலேயே இரண்டையும் ஸ்கேன் பண்ணி என்னுடைய இன்னொரு முகவரிக்கு அனுப்பினேன். "போயிட்டுது" என்றேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பேன். ஆனால் அவள் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பாளே என்று இருந்துவிடுவேன்.

பதினாலாம் திகதி பூவோடு வருவதாகவும், அவளை எரித்த இடத்தையும் தாயாரையும் காணவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஓர் இடம் இல்லை. அவளுக்கு இருபத்துநான்கு வயது. காலை ஆறேகாலுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறாள். அவள் இறந்துவிட்டாள் என்று உங்களை நம்பவைத்தவன் நான். அவளுக்கு எழுத வராது என்று அவளை நம்பவைத்தவனும் நான். முதலாவதை நீங்கள் ஒரு நாளில் திருத்திவிடலாம். இரண்டாவதை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள் மட்டும். அவளைச் சந்திக்கும்போது, தவறு உங்களிடம் நடந்ததாகச் சொல்லிவிடுங்கள். இந்த விஷயத்தில் அவள் நம்பியிருப்பது என் ஒருவனைத்தான். அதுவும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை உடைந்துவிடும். இதை நான் எனக்காகக் கேட்கவில்லை.