கடைசி கான்வாய்

கல்யாண வீட்டில் பாட வருகிறவர்களுக்குக் கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு. இத்தனை வருஷமாக நான் ஆறிப்போன சாம்பாரைத்தான் சாப்பிட்டு வருகிறேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீங்கள் கொடுத்த டீ சூடாக இருக்கிறது, சார். சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவசரப்படுத்தாமல் கேட்பதால் எனக்கும் வரிசையாகச் சொல்ல வரும்.

என் பெயர் பக்தவத்சலம். டாலிகஞ்சில் வீடு. அப்பா பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்து விழுப்புரம் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். நீலக்கடல் இன்னிசைக் குழு என்று போர்ட் பிளேரில் யாரைக் கேட்டாலும் தெரியும். அதை ஆரம்பித்தது நானும் ரவிச்சந்திரனும். இரண்டு பேருக்கும் அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான் ஆர்மோனியம், பிறகு கீபோர்டு. அவன் பாட்டு.

மெயின்லேண்டில் ஒரு படம் வந்து அதன் கேசட் சென்னைக் கப்பலில் இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே அந்தப் பாட்டு பழசாகியிருக்கும். இங்கே அது புதுசு. கேசட்டை வாங்கி வந்து, ரவி ஒரு தடவை கேட்பான், இரண்டாம் தடவை கூடவே பாடுவான். தமிழ் மட்டும் இல்லை. துர்கா பூஜைக்கு வங்காளியில் பாடுவான், தெலுங்குக்காரர் வீட்டில் தெலுங்கில் பாடுவான். டிக்லிபூரில் ஒரு வங்காளிப் பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு எந்த ஜில்லா என்று கேட்டார். இவன் சிரித்துக்கொண்டே போர்ட் பிளேரில் ஷாதிபூர் என்றான். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

எங்களுக்கு நீல சாட்டின் கோட்டு உண்டு. மேடையில் எல்லோரும் அதில்தான் நிற்க வேண்டும். இந்த ஊர் வெயிலுக்கு அது கொடுமைதான். ஆனாலும் நான் அதை மாற்ற விடவில்லை. கோட்டுப் போட்டு எட்டுப் பேர் வரிசையாக நின்றால்தான் அது குழு. இல்லாவிட்டால் மைக் பிடித்த ஆட்கள், அவ்வளவுதான்.

பிறகு காலம் மாறிவிட்டது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு பையன் லேப்டாப்போடு வந்து டிஜே என்கிறான். ஜனம் ஆடுகிறது. எங்கள் டிரம்மர் அழகையா மாதத்தில் பாதி நாள் துறைமுகத்தில் லோடு இறக்கப் போக ஆரம்பித்தார். கிளாரினெட் வாசித்தவர் செத்துப்போனார், அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. நான் என்ன செய்ய முடியும்? கடல் பொங்கி வந்த வருஷம் எங்கள் டிரம்ஸ் எல்லாம் போயிற்று, அதைத் திரும்பச் சேர்த்தேன். ஆனால் ஜனத்தின் காதை எப்படித் திரும்பச் சேர்ப்பது? ரவி மட்டும்தான் மிச்சம். அவன் பாடுகிறான் என்பதற்காகவே கூப்பிடுகிற சில வீடுகள் இருந்தன.

அப்படிக் கூப்பிட்டதுதான் பாராடங் தீவுக் கல்யாணம். தமிழ்க் காண்ட்ராக்டர் ஒருவரின் மகளுக்கு. காலையில் முகூர்த்தம், மதியம் வரவேற்பு.

போகிற வழியில் வண்டிகளை ஏற்றுகிற படகில், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு ரவி சொன்னான். "வத்சலம், கோவிச்சுக்காத. ஹேவ்லாக் தீவுல ஒரு ரிசார்ட்ல கேட்டிருக்காங்க. நானும் இர்பானாவும் மட்டும். டிராக் போட்டுப் பாடினாப் போதும், வாத்தியம் வேணாம்னாங்க. மரகதத்துக்கும் வயசாகுது, எனக்கும் இந்த ரோட்ல அலைய முடியல."

இர்பானா எங்கள் பெண் குரல். மரகதம் அவன் மனைவி.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. "எப்போலேர்ந்து?" என்று கேட்டேன். அடுத்த மாசம் என்றான். "சரி, நல்லாப் பண்ணு" என்றேன். அவன் என் தோளில் கை போட்டான். தண்ணீரில் அலையாத்தி மரங்களின் நிழல் அசையாமல் கிடந்தது. மற்ற ஐந்து பேரும் வண்டிக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இர்பானாவைத் தவிர யாருக்கும் இன்னும் தெரியாது என்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

மேடையில் நாலைந்து பாட்டு ஆனதும் அவன் என் பக்கம் வந்து, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு என்றான். சட்டைக் கழுத்து முழுக்க நனைந்திருந்தது. கோட்டின் புழுக்கம் என்று சொல்லி வாயு மாத்திரை கொடுத்தேன். அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் என் அப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்தது. இடது கையை அவன் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன்.

"ஹெல்த் சென்டர் பக்கத்துலதான இருக்கு, போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றான். பந்தலிலிருந்து கூப்பிடு தூரம்தான் அது.

"இன்னும் ரெண்டு பாட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டிருக்காங்க" என்றேன்.

அவன் பாடினான். நான் சொன்னால் கேட்பான், எப்போதுமே. ஒரு இடத்தில் மூச்சு போதாமல் போயிற்று, நான் கீபோர்டில் நிரப்பிவிட்டேன். யாருக்கும் தெரிந்திருக்காது.

முடிந்ததும் மற்றவர்களை முதல் வண்டியில் அனுப்பிவிட்டேன். கான்வாயைப் பிடியுங்கள், நாங்கள் பின்னால் வருகிறோம் என்றேன். அழகையா போகும்போது, "ரவி மொகம் சரியில்லையே" என்றார். "பந்தலுக்குப் பின்னால ஊத்திக்கிட்டான்" என்று சொன்னேன். அழகையா தலையில் அடித்துக்கொண்டு வண்டி ஏறினார். ரவி குடியை விட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனால் விட்டவன் மறுபடி தொடுவான் என்று நம்ப யாருக்கும் சிரமம் இல்லை.

இரண்டாவது வண்டியில் ஸ்பீக்கர்கள், நான், பின் சீட்டில் படுத்திருந்த ரவி. ஓட்டினது எங்கள் டிரைவர் பையன் குணா. அவனிடமும் அதையே சொன்னேன். ஒயர் சுற்றுகிற வேலையை நான் எப்போதும் அழகையாவிடம் விட்டுவிடுவேன். அன்றைக்கு நானே சுற்றினேன். ஒவ்வொன்றாக, சிக்கில்லாமல். குணா இரண்டு தடவை வந்து, "அண்ணே, நேரமாச்சு" என்றான். வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

படகில் கடந்து மிடில் ஸ்ட்ரெயிட் செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டு மூடியிருந்தது. அந்தக் காட்டுச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் இடத்துக்குள் போவதால், குறித்த நேரத்தில் எல்லா வண்டிகளும் சேர்ந்து, போலீஸ் முன்னும் பின்னும் வர, ஒரே வரிசையில் கான்வாயாகத்தான் போக வேண்டும். கடைசி கான்வாய் போய்விட்டால் மறுநாள் காலைதான். நோயாளி வண்டி என்றால் மட்டும் திறந்துவிடுவார்கள். இந்தத் தீவில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

கேட்டில் நின்றவர் நல்ல மனிதர். ஜன்னலில் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். "பீச்சே கோன் ஹை? பீமார் ஹை க்யா?" என்றார். பின்னால் படுத்திருப்பவர் நோயாளியா என்று அவராகவேதான் கேட்டார், சார். நான் கேட்க வைக்கவில்லை.

"நஹீ சாப். பீகே சோயா ஹை" என்றேன். குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்று.

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது ரவி கண்ணைத் திறந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். உதடு வெளுத்திருந்தது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "நான் குடிக்கலடா வத்சலம்" என்றான். அவ்வளவு பெரிய கூட்டத்தையெல்லாம் கட்டிப் போட்ட குரல், பக்கத்திலிருந்த குணாவின் காதுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. குணா கீழே இறங்கி, சிக்னல் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அங்கே எப்போதும் கிடைக்காது.

"தெரியும்டா" என்றேன். பின் சீட்டுக்கு மாறி அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நீலக் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டேன். கேட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும். ரவி அவர் பக்கம் கையைத் தூக்கப் பார்த்தான். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்குத்தான் பிடித்தேன் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடவில்லை என்பதும் உண்மை.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டே இருந்தான். பயத்தைவிட, என்ன நடக்கிறது என்று புரியாத முகம் அது. வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. குணா வந்து பார்த்து அலறினான். அப்போது கேட்டைத் திறந்துவிட்டார்கள். காடு முழுக்க எங்கள் வண்டி மட்டும் தனியாகப் போயிற்று.

மரகதம் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. "கடைசி வரைக்கும் மடியில வச்சிருந்தீங்களாமே அண்ணே, எனக்கு அது போதும்" என்றது. நான் அதைத் தூக்கி உட்கார வைத்தேன். பிரேதப் பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்த பிறகுதான் குணா யோசித்திருக்கிறான். கேட்டில் நான் சொன்னதைப் போய் மரகதத்திடம் சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசிலிருந்து ரவியின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்.

ஆமாம் சார், தெரிந்துதான் செய்தேன். ஹெல்த் சென்டரில் தெரியும், ஒயர் சுற்றும்போது தெரியும், கேட்டில் தெரியும், கையைப் பிடித்தபோதும் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. அவன் ஹேவ்லாக் போய்விட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று யாராவது நினைக்க வேண்டாமா? எனக்காக என்று எதுவும் செய்யவில்லை.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதற்கு முந்தின வாரம் அவனுக்கு அஞ்சலிக் கச்சேரி வைத்தோம். மண்டபம் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இர்பானா அழுதுகொண்டே பாடியது. ஹேவ்லாக் பேச்சை அது அப்புறம் எடுக்கவில்லை. அவன் படத்துக்கு நீலக் கோட்டை மாட்டி, மேடையில் அவன் எப்போதும் நிற்கிற இடத்திலேயே வைத்திருந்தேன்.

இன்றைக்கு வரைக்கும், சார், நீலக்கடலை விட்டு ஒருத்தர்கூட விலகிப் போனதில்லை.