ரோசியின் நான்கு வருடங்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். ராயபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை மேலிடத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எங்கள் கோயில் திருமணப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இதை எந்த அச்சகத்தில் அடித்தீர்கள் என்று கேட்டார். கேட்டது ஒருவர்தான், நான் சொல்லும்போது மூன்று பேர் ஆகிவிடுவார்கள். அது எனக்கு ஒரு வியாதி, வக்கீலம்மா. எதையும் உள்ள அளவில் சொல்ல வராது. காசிமேட்டில் ஒரு வஞ்சிரம் சிக்கினால் என் வாயில் அது சுறாவாகி, படகையும் இழுத்துக்கொண்டு எண்ணூர் வரை போய்விடும். இன்று நீங்கள் எழுதிக்கொள்வதால் அளந்தே சொல்கிறேன்.

பெயர் சிலுவைமுத்து. வயது அறுபத்து மூன்று. எங்கள் பங்குக் கோயிலில் முப்பத்தாறு வருடம் எழுத்தர், 2002-இல் ஓய்வு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் என் பீரோவில்தான் இருந்தன. குப்பத்துப் பிள்ளைகள் அந்த நாளில் குடிசையில் பிறந்தவை. கார்ப்பரேஷனுக்குப் போய்ப் பதிகிற பழக்கம் யாருக்கும் இல்லை. சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி, நான் புத்தகத்தில் எழுதினால்தான் ஒரு பிள்ளை பிறந்ததாக அர்த்தம். கடவுளுக்கு அடுத்தபடி நான்தான் இந்தக் கரையில் ஆட்களை உண்டாக்கினவன் என்று தாவூது கடையில் உட்கார்ந்து சொல்வேன். டீ ஆற்றிக்கொண்டே தாவூது சொல்வான்: "அப்போ என்னை எவன் நைனா உண்டாக்கினான்? உன் புக்குல என் பேரு இல்லியே."

ரோசியும் அப்படி ஒரு குடிசையில்தான் 1972 பிப்ரவரியில் பிறந்தாள். மார்ச் மாதம் ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான்; ஞானத்தாய் என் மனைவி குணசுந்தரி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. குணசுந்தரி அன்று அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற நிற்பை நான் பெரிதுபடுத்திச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

இனி 1999 டிசம்பருக்கு வருவோம். ரோசி அப்போது திருவொற்றியூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நேராகவே சொன்னாள்.

"ஞானப்பா, சின்ன வயசுல நம்ம கோயில்ல இருந்த அந்தச் சாமியார் என்னை இன்னா பண்ணார்னு ஒரு வக்கீல் கிட்ட சொல்லிட்டேன். கேஸ் போடலாமாம். எம்மா வருசம் ஆனாலும் போடலாமாம். எனக்கு அப்போ பதிமூணு. பதினாறுக்குக் கீழ இருந்தா, நீ ஒத்துக்கினியா இல்லியான்னு கோர்ட்டுல எவனும் கேக்கவே முடியாதாம். வயசுக்குத்தான் பேப்பர் வோணும். ஞானஸ்நான சீட்டு குடு."

சட்டம் அவ்வளவு சுருக்கமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சாமியார் அப்போது வேறு ஊரில் பெரிய பதவியில் இருந்தார். ஆளும் உயிரோடுதான் இருந்தார். மூன்று இடத்தில் கதவு தட்டலாம் என்று அவள் வக்கீல் சொல்லியிருந்தார்: போலீஸ், அது நகராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் நேராகத் தனிப் புகார், அதுவும் போதாதென்றால் திருச்சபை மேலிடத்து விசாரணைக் குழு. மூன்று கதவுக்கும் சாவி ஒரே காகிதம். அது என் பீரோவில் இருந்தது.

பதிவேடு பழசாகிவிட்டது, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்தால் கிழியும், புது நோட்டில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அது முடிந்ததும் தருகிறேன் என்றேன். நம்பினாள். நம்பாமல் என்ன, நான் அவள் ஞானத்தகப்பன். பதிவேடு நைந்துபோனால் எழுத்தர் புதுப் புத்தகத்தில் நகல் எடுப்பதும், பங்குச் சாமியார் "உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்துப் போடுவதும் எங்கள் வழக்கம்தான். அதில் தப்பில்லை.

அப்படி நான் நகல் எடுத்தேன். பதினோரு வாரம். 1966 முதல் 1975 வரை, இரண்டாயிரம் பெயர் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எண்ணிவிட்டீர்கள், ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பேனாவை இரண்டு முறை மாற்றினேன். ஒவ்வொரு வருடத்துக்கும் மையின் அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தேன். அந்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று உள்ளது உள்ளபடிதான். ஒரு வரியை மட்டும் 1972-இலிருந்து எடுத்து 1968-இல் வைத்தேன். இடையில் இருந்தவர்களின் வரிசை எண் எல்லாம் ஒவ்வொன்று கூடிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

ரோசி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறி வருவாள். என் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வருவாள்.

"இன்னா ஞானப்பா, புக்கு இன்னும் எழுந்திரிக்கலியா? ஆஸ்பத்திரில சேத்துட்டியா?" என்பாள்.

"வயசான புத்தகம்மா. மெதுவாத்தான் தேறும்."

"எனக்கும் வயசாகுது. அந்தாளுக்கும் வயசாகுது. அத்தச் சொல்லு உன் புக்குகிட்ட."

ஏழாவது வாரம் தைலத்தை மேசைமேல் வைத்துவிட்டு உடனே போய்விட்டாள். எட்டாவது வாரம் கம்பெனியில் விடுப்புக் கொடுக்கவில்லை. ஒன்பதாவது வாரம் வந்தபோது, சூப்பர்வைசர் திட்டியதை அப்படியே நடித்துக் காட்டினாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பழைய புத்தகத்தை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளைச் சனங்கள் வீட்டில் வருடம் பூராவும் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவருவார்கள். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அதையெல்லாம் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் நெற்றியில் பூசுவது. எரிப்பது என் வேலை. 2000 மார்ச்சில் ஓலைகளோடு பதிவேட்டையும் வைத்தேன். நன்றாக எரிந்தது. மறுநாள் பூசையில் ரோசியும் வரிசையில் நின்றாள். மண்ணிலிருந்து வந்தாய் என்று சொல்லி அவள் நெற்றியிலும் பூசினார்கள். அவள் பிறந்த தேதி அதில் எங்கேயோ இருந்திருக்கும்.

அப்போதிருந்த பங்குச் சாமியார் சின்னப் பையன். புது நோட்டைப் பார்த்து, எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே சீட்டைக் கொடுத்தேன். ரோசி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"அறுவத்தெட்டுன்னு கீது. நான் எழுவத்திரண்டு. அம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துது."

"அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதும்மா. புத்தகத்துல இருக்கிறதுதான்."

"அப்போ எனக்கு முப்பத்திரண்டா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணினாள். பிறகு கேட்டாள்: "நாலு வருசம் எங்க போச்சி ஞானப்பா?"

நான் தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். ஸ்டேஷனில் ரகுபதி என்ற இன்ஸ்பெக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பதினேழு வயசும்மா. மாசக்கணக்கா போய் வந்துகினு இருந்திருக்க. இது இன்னா கேஸு? வூட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சேர்க்கை ஏட்டைக் கரையான் தின்றிருந்தது. அது நான் செய்ததல்ல. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் ஒன்றரை வருடம் வாய்தாவிலேயே கிடந்து தள்ளுபடியானது. மேலிடத்துக் குழு சீட்டின் நகல் இரண்டு கேட்டது. இரண்டையும் நானே எழுதினேன். அவள் வக்கீல் சலித்துப்போய் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2003-இல் அந்தச் சாமியார் இறந்தார். நாற்பது பூமாலை. நான் நானூறு என்று சொல்லியிருப்பேன்.

பிறகு இந்த வருடம் நீங்கள் வந்தீர்கள். இலவசச் சட்ட உதவி, வியாசர்பாடி, பெயர் அன்புக்கரசி என்றீர்கள். கோர்ட்டு உத்தரவோடு வந்து மூன்று நாள் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினீர்கள். இதில் என்ன கிடைக்கும் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "ஐயா, உங்க சம்சாரத்துக்கு எப்போ ஞானஸ்நானம் ஆச்சு?" என்றீர்கள்.

குணசுந்தரி எர்ணாவூர்க்காரி. இந்து வீட்டுப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், 1970 மே மாதம், இதே கோயிலில்தான் ஞானஸ்நானம் வாங்கினாள். அந்த வரியையும் நான்தான் நகல் எடுத்தேன், உள்ளது உள்ளபடி. ஞானஸ்நானம் வாங்காதவர் ஞானத்தாயாக நிற்க முடியாது. என் புத்தகத்தில் அவள் கிறிஸ்தவளாவதற்கு இரண்டு வருடம் முன்பே ரோசிக்கு ஞானத்தாயாக நிற்கிறாள்.

எனக்குத் தெரியாதா? ரோசியின் வரியை 1968-இல் எழுதும்போதே தெரியும். ஞானத்தாய்க்கு வேறு பெயர் போட்டிருக்கலாம். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிவேடு முழுக்க குணசுந்தரி தாய் என்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். அவளும் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. என்னால் அடிக்க முடியவில்லை.

செத்தவர்மேல் இனி வழக்கு நிற்காது என்று ரோசியிடம் சொல்லிவிட்டீர்களாம். சரி, தன் வயதையாவது திருத்திக் கொடுங்கள் என்று அவள் கேட்கிறாளாம். என் வாக்குமூலம் இருந்தால் கோர்ட்டில் அது கிடைத்துவிடும், ஆனால் எனக்குச் சிறை உண்டு என்கிறீர்கள். பரவாயில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: திருத்தத்தை அந்தப் புத்தகத்தில் நானே எழுதிவிடுகிறேன். எழுத்து ஒத்துப்போக வேண்டும் அல்லவா.

சாமியாருக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. எனக்காகத்தான் செய்தேன்.

1985 ஆகஸ்டு. கொடியேற்றத்துக்குப் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பாதியில் ரோசி என் அறைக்குள் ஓடி வந்து மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். "ஞானப்பா, நான் இங்கியே குந்திக்கினு கீறேன். சாமி கேட்டா, வூட்டுக்குப் போய்ட்டான்னு சொல்லு. அந்த ரூமுக்கு என்னை அனுப்பாத" என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன். குனிந்து கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். அவள் மற்றக் கையால் மேசைக் காலை விடாமல் பிடித்திருந்ததிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் தாழ்வாரம் முழுக்க அவளை நடத்திக் கூட்டிப் போனேன். அந்தக் கதவை நானே தட்டினேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

எழுதிக்கொண்டீர்களா? வயதை மட்டும் சரியாகப் போடுங்கள். அன்று மேசைக்கு அடியிலிருந்து நான் கூட்டிப் போனது பதினேழு வயதுப் பெண்ணை, அம்மா. சந்தேகம் இருந்தால் புத்தகத்தைப் பாருங்கள்.