கிளட்ச் கால்

ஆட்டுக்கால் சூப் வைப்பதில் வில்லாபுரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஐயா; தெருவே சொல்லும். கால் வலி என்று யார் படுத்தாலும் சூப் வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. அதனால் என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் சோணைமுத்து லாரி டிரைவர். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரைப் பார்த்ததைவிடத் திருமங்கலம் ரோட்டு டீக்கடைக்காரர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். தொண்ணூற்றேழாம் வருஷத் தீபாவளிக்கு முன்னால் அவருடைய இடது கால் பெருவிரல் தக்காளிப் பழமாக வீங்கியது. கிளட்சை மிதிக்க முடியாமல் வீட்டில் கிடந்தார். அவருக்குப் பேசவும் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வெங்காயம் உரிப்பேன், அவர் ஊர்க்கதை சொல்வார். "மலையம்மா, நீ இம்புட்டு நல்லாச் சிரிப்பியா?" என்றார் ஒருநாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க நான் மட்டும் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"யூரிக் ஆசிட் ஏறிக் கிடக்கும்மா. ஈரல், மூளை, ஆட்டுக்கால் எதுவும் ஆகாது. இந்த மாத்திரையை விடாமப் போடணும். விட்டா மூட்டெல்லாம் கெட்டு, கிட்னியும் போயிரும். ஒழுங்கா இருந்தா அடுத்த மாசமே லாரி ஓட்டலாம்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"உடம்புல சத்து இல்லையாம். நல்லாச் சாப்பிடணுமாம்" என்றேன்.

அந்த மாத்திரையை வாங்கவே இல்லை. வலி மாத்திரையைக் கேட்கும்போதெல்லாம் கொடுத்தேன். மனுஷன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. வீக்கம் வடிந்தால் ஈரல் வறுவல், கூடினால் சூப். வருஷம் போகப் போக முழங்கையும் கணுக்காலும் கட்டி கட்டியாகப் புடைத்தன. லாரியை அவர் தம்பி கருத்தக்கண்ணன் ஓட்டப் போனான். "அண்ணே, நீ குடுத்து வச்ச ஆளு" என்று என் சூப்பைக் குடித்துவிட்டுத்தான் போனான். இப்போது புகார் கொடுத்திருப்பதும் அவன்தான்.

கிட்னி சுருங்கிவிட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லாட்டி என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன்" என்றார்.

பத்தியத்தை மறைத்தது நான்தான். மாத்திரை வாங்காததும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொன்றேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். ரோட்டில் எத்தனை டிரைவர்கள் அடிபட்டு அநாதையாகக் கிடக்கிறார்கள். என் வீட்டுக்காரர் பத்திரமாக என் மடியில்தான் செத்தார்.