திறக்காத ஏழு மாதம்

எங்கள் ஸ்டுடியோ மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. உங்கள் அப்பா வரும்போதெல்லாம் நான்தான் கீழே இறங்கிப் போய், கையைப் பிடித்து மேலே கூட்டி வருவேன். ஒரு நாளும் தவறியதில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை வைத்த நாற்காலியில்தான் அவரை உட்கார வைப்பேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று நீங்கள் வந்து நின்று கேட்ட விதத்தைப் பார்த்தால், இதெல்லாம் உங்கள் காதுக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

நீங்கள் கேட்டது ஒரு தேதியைப் பற்றி. நான் கொடுத்த பென்டிரைவில் உங்கள் அக்காவின் வீடியோ இரண்டு தடவை இருக்கிறது, அதில் ஒன்றின் தேதி ஏழு மாதத்துக்கு முந்தியதாக இருக்கிறதே, எப்படி என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. என் தம்பி பக்கத்தில் நின்றதால் அப்போது பதில் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன். காலையில் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

தம்பியும் நானும் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம். கேமரா அவன் பொறுப்பு, எடிட்டிங் என் பொறுப்பு. நான் எடிட் செய்கிற மென்பொருளைப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் டிஸ்க்கில் வாங்கினோம். அதைச் செய்தவர்கள் அதற்குப் பிறகு கடையையே மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எடுத்த காட்சிகளெல்லாம் அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற ஒரு முறையில் சேமிக்கப்பட்டவை. வேறு எதில் போட்டாலும் பச்சைத் திரைதான் வரும். அதனால் என் கணினிக்கு இணைய இணைப்பே கொடுக்காமல் வைத்திருந்தேன். 'இதை யாரும் அப்டேட் செய்ய வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எட்டு வருஷம் அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

ஒரு நாள் நான் கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தேன். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு திரும்பி வந்தால், தம்பி என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணே, கண்ண மூடிட்டு வா. உன் கம்ப்யூட்டர்ல புது சிஸ்டம் போட்டுட்டேன். பறக்குது பாரு."

தாள் எங்கே என்று சைகையால் கேட்டேன்.

"அதுவா, மஞ்சளா போயி ஓரமெல்லாம் சுருண்டு கெடந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்." பிறகு என் கன்னத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஒரே நாள்ல ரெண்டு சொத்தையப் பிடுங்கியாச்சுண்ணே. ஒண்ணு உன் வாயில, ஒண்ணு உன் மேசையில."

ஆல்பம் ஒட்டுகிறவரும் அங்கே இருந்தார். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தம்பி கெட்டவனில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. மரத்துப்போன வாய்க்கு உணர்ச்சி வர வர, அதுவும் சேர்ந்து வலித்தது.

மறுநாள் மென்பொருள் திறக்கவில்லை. ஐகானை அழுத்தினால் அதன் பெயர்ப் படம் வந்து நான்கு நொடி நிற்கும், பிறகு போய்விடும். பிழை என்றுகூட ஒரு வார்த்தை காட்டாது. பத்துத் தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏதாவது வழி இருக்கும்ண்ணே, பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பதினான்கு வருஷ வேலையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பாத்துக்கலாமாம்.

அந்த வாரக் கடைசியில்தான் உங்கள் அப்பா வந்தார்.

கையில் நாங்கள் எப்போதோ கொடுத்த டிஸ்க் இருந்தது, விரிசல் விட்டு ஓடாமல் போயிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பஸ் டிப்போவில் அவருக்கு நடந்த பணி ஓய்வு விழா. படம் பிடித்தது நாங்கள்தான். உங்கள் அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா முப்பத்தி மூணு வருஷமா பஸ்ஸ நேரத்துக்கு எடுத்தாரு, என்னை ஸ்கூல்ல விட மட்டும் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த வருஷமே அந்தப் பெண் விபத்தில் போய்விட்டாள். நான் துக்கத்துக்கு வந்திருந்தேன். நீங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை.

மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கண்ணு நரம்பு காஞ்சுட்டே வருதாம் தம்பி. இப்பவே குழாய் வழியா பாக்குற மாதிரிதான் இருக்கு. குழாயும் நாளுக்கு நாள் சின்னதாகுது. ஆறு மாசம், மிஞ்சிப் போனா ஏழுன்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள அவ பேசுறத, சிரிக்கிறத ஒரு தடவை பாத்துட்டா போதும். வீட்ல போட்டோ இருக்கு. ஆனா போட்டோல இருக்கறது அவ இல்ல. அவ ஒரு நிமிஷம் சும்மா நிக்க மாட்டாளே."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நிமிஷம்தான் அவனுக்கு உறைத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாளாக எனக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சிரிப்பு கொஞ்சம் எழுந்து நகர்ந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை, தம்பி வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தேன். பழைய மென்பொருள் புதிய சிஸ்டத்தில் ஓட மறுப்பது உலகத்தில் நடக்காத விஷயமில்லை. ஐகானின் மேல் வலது பக்கம் அழுத்தி, உள்ளே போனால், 'பழைய சிஸ்டத்தில் ஓடுவது போல ஓடு' என்கிற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு டிக். அப்டேட் செய்தபோது ஒரு சின்னக் கோப்பு காணாமல் போயிருந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து அதை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். மொத்தம் இருபது நிமிஷம். மென்பொருள் திறந்தது. உங்கள் அப்பாவின் விழாவைத் திறந்து பார்த்தேன். ஒரு காட்சிகூடக் கெடவில்லை. சரிபார்ப்பதற்காக முழுவதையும் ஒரு பிரதி எடுத்தேன். நாற்பத்தோரு நிமிஷம்.

நீங்கள் பார்த்த தேதி அதுதான்.

பிறகு டிக்கை எடுத்தேன். அந்தச் சின்னக் கோப்பைத் தனி பென்டிரைவில் மாற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரதியை மட்டும் அழிக்கவில்லை. ஒரு எடிட்டர் எதையும் அழிக்கக் கூடாது. அது தொழில் தர்மம். ஏழு மாதம் கழித்து அந்த ஃபோல்டரை அப்படியே உங்களுக்குக் காப்பி செய்து கொடுத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு நேர்கிற தவறு.

ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு நாள் போகட்டும் என்றுதான் நினைத்தேன், அம்மா. கேட்காமல் கைவைத்தது தப்பு என்று அவன் வாயால் வரட்டும், உடனே திறந்துவிடலாம் என்று.

மூன்றாம் நாளே சொன்னான். "தப்புதாண்ணே. உன்னைக் கேக்காம செஞ்சிருக்கக் கூடாது." ஆனால் போகிற போக்கில், லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அது போதாது என்று பட்டது. ஒரு மாதம் கழித்து ஆல்பக்காரர் முன்னாலேயே சொன்னான். அழுதான்கூட. ஆனால் அழுதவன் அன்றைக்கே செல்போனில் யாரோ சொன்ன வேறு ஒரு புது மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். அப்படியென்றால் அவனுக்கு இன்னும் புத்தி வரவில்லை என்றுதானே அர்த்தம்.

நான் பொய் சொன்னதாக மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு தடவை அவன் கேட்டான், "அண்ணே, ஐகான்ல வலது பக்கம் அழுத்துனா ஏதோ டிக் போடுற இடம் இருக்காமே, பாத்தியா?"

"முதல் வாரமே போட்டுப் பாத்தாச்சு," என்றேன்.

அது உண்மை. போட்டால் என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. அவனே ஒரு தடவை போட்டும் பார்த்தான். சின்னக் கோப்பு என் சட்டைப் பையில் இருந்ததால் திறக்கவில்லை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

உங்கள் அப்பா ஒன்பது தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும், "ஏதாச்சும் வழி பொறந்துச்சா தம்பி?" என்பார். நான் எதுவும் சொல்வதில்லை. தம்பியைப் பார்ப்பேன், அவ்வளவுதான். அவன்தான் பதில் சொல்வான். ஐந்தாவது தடவை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டார். ஆறாவது தடவை டீ டம்ளரைத் தேடிக் கை காற்றில் துழாவியது. நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். தினமும் காலையில் கடவுளிடம் அவர் கண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். உங்கள் வீட்டில்கூட யாராவது அப்படி விடாமல் வேண்டினார்களா என்று எனக்குத் தெரியாது.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வருவது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவானாம், பேப்பர் படித்துக் காட்டுவானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மனைவிதான் ஒரு நாள் வந்து சொன்னாள்.

"மாமா, அவர் சரியா சாப்பிடறதே இல்ல. அந்தப் பெரியவர் கண்ண நானே பிடுங்கிட்டேன்னு சொல்லிச் சொல்லிப் புலம்புறாரு. நீங்க கொஞ்சம் மனசு வச்சுப் பாருங்க மாமா. உங்களுக்குத் தெரியாததா?"

"நான் என்னம்மா பண்றது? செஞ்சது அவன்தானே," என்றேன்.

அவள் போன பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் திறந்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் திறந்திருந்தால் அது ஒரு பழுதைச் சரி செய்த மாதிரி. நான்கு மாதம் கழித்துத் திறந்தால், இத்தனை நாள் ஏன் முடியவில்லை என்று தம்பி கேட்பான். அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்துவிடும். பிடுங்கியவன் அவன், பதில் சொல்கிறவன் நானா? அதுவும் இல்லாமல், டாக்டர்கள் சொல்கிற கணக்கு எல்லா நேரமும் சரியாக இருப்பதில்லை.

ஏழாவது மாதம் நீங்களே அவரைக் கூட்டி வந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இதுதானே டிவி? வெளிச்சம் தெரியுது," என்றார். நீங்கள் மெதுவாக அவர் தோளைப் பிடித்துத் திருப்பினீர்கள். தம்பி எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தவன் எல்லார் முன்னாலும் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிருங்கய்யா," என்றான். இனிமேல் கேமராவையே தொடப்போவதில்லை என்றான்.

அப்போதுதான் எனக்குப் போதும் என்று தோன்றியது.

மறுநாள் திறந்தேன். அதோடு விட்டுவிடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நிறமெல்லாம் திருத்தினேன். டிப்போ விளக்கில் உங்கள் அக்காவின் முகம் கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. அதை எடுத்துவிட்டு, உள்ளபடி இருந்த மாநிறத்தைக் கொண்டுவந்தேன். பிறகு உங்களை வரச் சொல்லிப் போன் செய்தேன். போட்டபோது நீங்களும் இருந்தீர்கள்.

உங்கள் அப்பா திரைக்கு நேராக உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்டார். அக்கா குரல் வந்ததும், "எப்பிடி நிக்கிறா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு கால மாத்தி ஒரு கால்ல நிக்கிறாங்கய்யா. மைக்க இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துறாங்க. இப்ப உங்களப் பாத்து நாக்கத் துருத்துறாங்க. பச்சைச் சுடிதார். துப்பட்டா கீழ விழுது, எடுத்து இடுப்புல கட்டிக்கிறாங்க."

நாற்பத்தோரு நிமிஷமும் சொன்னான். உங்கள் அப்பா அவன் கையை விடவே இல்லை. கடைசியில், "பாத்துட்டேன்யா," என்றார். அவனிடம் சொன்னார். அழித்தவனைப் பிடித்துக்கொண்டு அழுதார். மீட்டவன் ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த ஏழு மாதத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் என்னால் திறந்திருக்க முடியும். உங்கள் அப்பாவுக்குப் பார்வை இருந்தபோதே காட்டியிருக்க முடியும். தெரிந்தேதான் காட்டவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் கிடையாது. அது எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த விஷயம். நடுவில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் காட்டுவதானால் காட்டுங்கள். கேட்காமல் கைவைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு இன்னும் நன்றாக விளங்கும். வீடியோவில் ஒரு குறையும் இல்லை, முகம் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் அப்பாவுக்கு எப்போது பார்க்கத் தோன்றினாலும் கூட்டி வாருங்கள். நான் ஒரு நிமிஷத்தில் திறந்து காட்டுகிறேன்.